காமன்சென்ஸ் இல்லாதவன்

பெயர் எழுதப்போவதில்லை. அவன் திரும்பவும் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறான். பெயர் வெளியே வந்தால் அவனுக்குத்தான் கெடுதல். தங்குவிடுதியில் நாங்கள் அவனைத் 'தத்துவம்' என்றுதான் கூப்பிட்டோம். அது போதும்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் தத்துவம் எம்.ஏ. படித்தவன். படித்துவிட்டு மூன்று வருஷம் சும்மா இருந்தான். பிறகு இரும்பு தேய்க்கும் கிரைண்டர் பிடிக்க சிங்கப்பூர் வந்தான். நான் எட்டாவதோடு நின்றவன். ஃபிட்டர். துவாஸில் ஒரு யார்டு. கப்பலுக்கு வேண்டிய படி, மேடை, கைப்பிடி எல்லாம் இரும்பில் செய்து அனுப்புவோம். அவன் வந்தபோது எனக்கு அங்கே பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் நிற்கவைத்து சூப்பர்வைசர் பேசுவார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான். பேச்சை எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பார்.

"சேஃப்டி சேஃப்டின்னு பெருசா ஒண்ணும் இல்லப்பா. காமன்சென்ஸ். அத யூஸ் பண்ணுங்க. போங்க."

நாங்கள் போவோம். பதினோரு வருஷமாகப் போனோம். இவன் வந்த இரண்டாம் நாள் கையைத் தூக்கினான்.

"சார், அது யாரோட காமன்சென்ஸ்?"

"என்னது?"

"இல்ல சார், காமன்னா பொது. உங்களுக்குத் தெரிஞ்சதா, எங்களுக்குத் தெரிஞ்சதா, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதா? அத சொல்லிட்டீங்கன்னா யூஸ் பண்ணிருவோம்."

"வந்த ரெண்டாம் நாளே வாயா? கிரைண்டரப் புடிடா போ."

அவன் போய்ப் பிடித்தான். கோபமில்லை. ஆனால் அந்த வார்த்தையை யார் சொன்னாலும் அவன் விடமாட்டான். யார்டில் சொன்னாலும் கேட்பான், லாரியில் சொன்னாலும் கேட்பான், குளியலறை வரிசையில் சொன்னாலும் கேட்பான். 'யாருடையது?' ஈ மாதிரி. விரட்டினால் போய்விட்டுத் திரும்ப வந்து உட்காரும்.

அவனிடம் அது இருந்ததா என்றால், இல்லை. ரைஸ் குக்கரில் தண்ணீர் இல்லாமல் முட்டை வைத்தான். வெடித்தது. விடுதி அறையில் பன்னிரண்டு பேர். எல்லோரும் திட்டினோம். "காமன்சென்ஸ் இருக்காடா உனக்கு?" என்று நான் கேட்டேன்.

"இல்லண்ணே. எனக்கு நெசமாவே இல்ல. அதனாலதான் அதப் பத்தி இவ்வளவு படிச்சிருக்கேன்" என்றான். துணியை எடுத்துத் துடைத்தான். அதையும் சரியாகத் துடைக்கவில்லை.

அவன் என் கட்டிலுக்கு மேல் கட்டில். அதனால் நான் கேட்காமலே நிறையக் கேட்டேன்.

கிரேக்க நாட்டில் ஒருத்தர் இருந்தாராம். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாகிறது. கண் வெள்ளையைப் பார்க்கிறது, நாக்கு இனிப்பைப் பார்க்கிறது. கண்ணுக்கு இனிப்புத் தெரியாது, நாக்குக்கு வெள்ளை தெரியாது. அப்படியிருக்க, இரண்டும் ஒரே சர்க்கரைதான் என்று உள்ளே யார் சொல்வது? ஐந்து புலனுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது, அதுதான் சேர்த்துச் சொல்கிறது என்று அவர் வைத்தாராம். காமன்சென்ஸ் என்ற சொல்லே அங்கிருந்து வந்ததாம்.

"அப்ப அது ஒவ்வொருத்தன் உள்ளுக்குள்ள இருக்கற சமாச்சாரம்" என்றேன்.

"ஆமாண்ணே. அடுத்தவனத் திட்டுறதுக்குன்னு அவர் கண்டுபுடிக்கல. அது பின்னால வந்தது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா மார்க்கெட்டில் சாப்பிடப் போனோம். உட்கார இடமில்லை. ஒரு மேசை மட்டும் காலியாக இருந்தது. அதன் மேல் டிஷ்யூ பாக்கெட் ஒன்று கிடந்தது. நான் கை கழுவப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் அவன் அந்த பாக்கெட்டைக் கொண்டுபோய் டீ, ஜூஸ் விற்கும் தண்ணீர்க் கடையில் கொடுத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்துவிட்டான். யாரோ மறந்துவிட்டுப் போனதாம். கேட்டு வந்தால் கொடுக்கச் சொல்லி ஒப்படைத்தானாம்.

தட்டோடு ஒரு அக்கா வந்தார். இந்த ஊர்த் தமிழர்.

"ஹலோ, இது என் டேபிள் லா. டிஷ்யூ வச்சிருந்தேனே?"

"அது பத்திரமா இருக்குக்கா. அந்தக் கடையில குடுத்து வச்சிருக்கேன்."

"ஐயோ! காமன்சென்ஸ் இல்ல உங்களுக்கு? டிஷ்யூ வச்சா இடம் பிடிச்சாச்சுன்னு தெரியாதா?"

நான் தலையில் கை வைத்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க ஊர்ல பஸ்ல துண்டு போடுவோம்க்கா. ஜன்னல் வழியா. துண்டு கெடந்தா எந்தச் சண்டியனும் உக்கார மாட்டான். ஆனா அந்தத் துண்ட இங்க இந்த மேசையில போட்டா என்ன ஆகும்?"

அக்கா யோசித்தார். "க்ளீனர் ஆன்ட்டி எடுத்து மேசைய துடைப்பாங்க."

"அவ்வளவுதான்க்கா. எங்க ஊர்ல நான் அறிவாளி. பிளேன்ல நாலு மணி நேரம் வந்ததுல முட்டாளாயிட்டேன்."

அக்கா சிரித்துவிட்டார். மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவர் எழுந்து போனபோது, அவன் கொடுத்து வைத்த டிஷ்யூவை மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

வெளியே வந்ததும் சொன்னான். ரோம் நகரத்து ஆட்களுக்குக் காமன்சென்ஸ் என்றால் இதுதானாம். ஒரு ஊர் மக்களோடு கலந்து வாழ்கிறவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் படிகிற பழக்கம். "பாக்கறதுதான் அண்ணே. புத்தகத்துல இருக்காது. பக்கத்துல இருக்கறவன் என்ன செய்யிறான்னு பாத்துச் செய்யணும்."

அன்றைக்குக் கோயிலுக்கும் போனோம். சிராங்கூன் ரோட்டில் கூட்டம். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, ஒரு பிரெஞ்சுக்காரர் கதையை எடுத்தான். உலகத்தில் எது குறைந்தாலும் மனுஷன் குறைப்படுவான், தன் புத்தி குறைவு என்று மட்டும் எவனும் குறைப்பட்டுக்கொள்வதில்லை என்றாராம்.

"கோயில்ல நல்ல புத்தி குடுன்னு வேண்டுறாங்களே" என்றேன்.

"யாருக்கு அண்ணே கேக்குறாங்க?"

நினைத்துப் பார்த்தேன். மகனுக்கு. மருமகளுக்கு. தம்பிக்கு. தனக்கென்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. நானே கேட்டதில்லை.

ஒன்று சொல்லவேண்டும். அவன் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டவில்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணால் பார்ப்பதையே நம்பாதே என்று பெரிய படிப்பாளிகள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் எழுந்து நின்றாராம். காலடியில் தரை இருக்கிறது, எதிரில் ஆள் நிற்கிறான், நேற்று நடந்தது நடந்ததுதான். இதையெல்லாம் நிரூபித்துவிட்டுத்தான் அடியெடுத்து வைப்பேன் என்பவன் வீட்டைவிட்டே கிளம்ப மாட்டான். இப்படிச் சொன்னாராம்.

"அந்த ஆளு சாரம் ஏறினதில்ல" என்றேன்.

"ஏண்ணே?"

"பலகை இருக்குன்னு நம்பி நாங்க காலு வைக்க மாட்டோம். மொதல்ல ஒரு கால அழுத்திப் பாப்போம். அப்புறம்தான் ஏறுவோம். நம்பினவன் எல்லாம் கீழ கெடந்தான்."

மேல் கட்டிலிலிருந்து தலையை நீட்டி, "அண்ணே, இது நல்லாருக்கு" என்றான். அதற்குப் பிறகு யாரிடமாவது அந்த ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றிப் பேசினால், "ஆனா எங்க அண்ணன் ஒருத்தர் இதுக்குப் பதில் சொல்லியிருக்கார்" என்று என்னையும் சேர்த்துவிடுவான். அறையில் எல்லோரும் சிரிப்பார்கள். "தத்துவம் ஒண்ணு, தத்துவம் ரெண்டு" என்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இப்போது ஸ்டோரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் யார்டில் ஸ்டோர் என்பது ஒரு பழைய கண்டெய்னர். கனமானதைத் தூக்கும் செயின் பிளாக், ஷேக்கிள் கொக்கி, வெல்டிங் ராடு எல்லாம் அதில்தான். அதைப் பார்த்துக்கொண்டவர் நாகூர்ப் பக்கத்து பாய். கண்டெய்னரின் கடைசியில் ஒரு பலகை அடித்து, அதில் முருகன் படம், வேளாங்கண்ணி மாதா படம், நாகூர் தர்கா படம் வைத்திருந்தோம். பலகையை அடித்தது சூப்பர்வைசர்தான். வெள்ளிக்கிழமை காலையில் ஊதுபத்தி ஏற்றுவதும் அவர்தான்.

சாமி இருக்கும் இடத்துக்குள் யார் காலணியோடு போவது? வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். சூப்பர்வைசரும் பாயும் சேர்ந்து எங்கள் கும்பலில் ஏழு பேர். யாரும் யாருக்கும் சொன்னதில்லை. புதிதாக வருகிறவன் வாசலில் கிடப்பதைப் பார்ப்பான். அவனும் கழற்றுவான்.

யார்டு விதி வேறு. பாதுகாப்பு பூட்ஸ் எப்போதும் காலில் இருக்க வேண்டும். வாரம் ஒரு நாள் சேஃப்டி அதிகாரி வருவார். அன்றைக்குப் பாய் வாசலில் நின்றுகொண்டு, "இன்னைக்குக் கழட்டாதீங்கப்பா" என்பார். சாமி பலகைக்கு முன்னால் ஒரு சாக்கு தொங்கும். அவர் போனதும் சாக்கை எடுத்துவிடுவோம். இதெல்லாம் சூப்பர்வைசருக்குத் தெரியும். சாக்கைக் கொண்டுவந்து கொடுத்ததே அவர்தான்.

ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். அமைதியான ஆள். வந்து மூன்று வாரம். ஒரு வெள்ளிக்கிழமை செயின் பிளாக் எடுத்துவரச் சொல்லி அவரை அனுப்பினார்கள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மேல் தட்டில் இருந்ததை இழுத்தார். அது சரிந்து வலது காலில் விழுந்தது. பூட்ஸ் இருந்திருந்தால் முன்னால் இருக்கும் இரும்பு தாங்கியிருக்கும். இரண்டு விரல் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஸ்டோரில் சாமி பலகை இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு ஸ்க்ரூ ஓட்டை. வாசலில் புது மஞ்சள் போர்டு. எங்கள் ஆறு பேரையும் சூப்பர்வைசர் ஸ்டோருக்கு முன்னால் கூப்பிட்டார். கையில் இங்கிலீஷில் அடித்த ஒரு தாள். தமிழில் படித்துச் சொன்னார்.

அந்த ஆள் விதியை மீறித் தானாகவே பூட்ஸைக் கழற்றினார். காமன்சென்ஸ் இல்லாமல் நடந்துகொண்டார். இந்த யார்டில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. இதுதான் தாளில் இருந்தது.

நாங்கள் கையெழுத்துப் போட்டால் அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டுப் பிரிக்கும் முன்பே விமானம். விதியை மீறியவன் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அவர் திரும்ப இந்த ஊருக்கு வர முடியாது. ஊரில் இருந்த காட்டை அடகு வைத்து வந்தவர். எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, நீங்கதான் சீனியர். போடுங்க" என்றார் சூப்பர்வைசர்.

நான் போட்டேன். முதல் கையெழுத்து என்னுடையது.

அடுத்தது தத்துவம். தாளை வாங்கி நின்றவாறே படித்தான். அவனுக்கு இங்கிலீஷ் வரும்.

"சார், இதுல ஒரு வரி தப்பு."

"எதுடா?"

"காமன்சென்ஸ் இல்லாமன்னு போட்டிருக்கு."

"ஷூ இல்லாம ஸ்டோருக்குள்ள போறவனுக்கு வேற என்ன இருக்கு?"

"நேத்து காலையில நீங்க எப்படி சார் போனீங்க?"

"நான் சாமி கும்பிடப் போனேன். அது வேற."

"காலு ஒண்ணுதானே சார்."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஆபீஸ்ல கேக்குறாங்க. ஒருத்தன் போனா முடிஞ்சிரும். எல்லாரும் கழட்டினோம்னு எழுதுனா யார்டையே மூடிருவாங்க. யோசிச்சுப் பாரு."

"சார், அவர் வந்து மூணு வாரம். புத்தகத்துல ஷூ போடுன்னு இருந்துச்சு. வாசல்ல ஏழு ஜோடி கழட்டிக் கெடந்துச்சு. அவர் எதப் பாப்பாரு? நம்மளப் பாத்தாரு. நம்ம மாதிரியே செஞ்சாரு. காமன்சென்ஸ் இல்லாதவனா இருந்தா ஷூவோட உள்ள போயிருப்பான். விரல் தப்பிச்சிருக்கும். அது இருந்ததாலதான் சார் அவருக்கு விரல் போச்சு."

"ரொம்பப் படிச்சதாலதாண்டா நீ கிரைண்டர் புடிக்கிற."

"சரிதான் சார். ஆனா இதுல போட மாட்டேன்."

"உன்னையும் சேத்து ஏத்தி விட்டுருவேன்."

"ஏத்துங்க. ஜெயில்ல உக்காந்து எழுதின ஒருத்தர் சொன்னாரு சார், காமன்சென்ஸ்ங்கறது ஸ்கிராப் குவியல் மாதிரின்னு. தாத்தா சொன்னதும் இருக்கும், முதலாளி சொன்னதும் இருக்கும், துருவும் நல்ல இரும்பும் கலந்து கெடக்கும். உக்காந்து பொறுக்கணும். நாம பொறுக்கல. ஏழு பேரும் பொறுக்கல. சாமிக்காகக் கழட்டினது தப்பில்ல. அந்த சாமியக் கொண்டுபோய் நூறு கிலோ இரும்புக்குக் கீழ வச்சோமே, அது தப்பு. அதுல எனக்கும் பங்கு இருக்கு. அவர் தலையில மட்டும் எழுதாதீங்க."

ஸ்கிராப் என்று எழுதியவர் சொன்னாரா, இவனாகச் சேர்த்தானா, எனக்குத் தெரியாது. ஆனால் பங்கு என்று சொன்னது எனக்கு உறைத்தது. பதினோரு வருஷமாக வாசலில் கிடந்ததில் முதல் ஜோடி என்னுடையது. அந்த ராமநாதபுரத்துக்காரர் வந்த முதல் நாள் ஸ்டோரைக் காட்டக் கூட்டிப்போனவன் நான். அவர் பூட்ஸோடு ஒரு படி ஏறினார். நான் அவர் காலைப் பார்த்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இறங்கிக் கழற்றினார்.

"அந்தப் பேப்பரக் குடு" என்றேன்.

அவன் கொடுத்தான். சூப்பர்வைசர், "எதுக்குண்ணே?" என்றார். என் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டேன். எனக்கு இங்கிலீஷ் வராது. கீழே தமிழில் எழுதினேன். 'நானும் கழற்றுவேன். ஏழு பேரும் கழற்றுவோம். சூப்பர்வைசரும்.' தேதி போட்டேன். சூப்பர்வைசர் கிழிக்கக் கை நீட்டினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"வேற பேப்பர் அடிச்சுட்டு வரேன்" என்று போனார். வந்தார். மீதி நாலு பேரில் இரண்டு பேர் போட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பாய், "சாப்பிட்டு வந்து போடுறேன்" என்று போனவர், அன்றைக்கு ஸ்டோர் பக்கமே வரவில்லை. இன்னொருவன் பாயோடு போய்விட்டான்.

அடுத்த நாள் ஞாயிறு. லிட்டில் இந்தியாவில், எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு உதவி செய்யும் ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது. மாடியில். நாங்கள் இருவரும் போனோம். அவன் பேசினான். நான் மடித்த தாளைக் காட்டினேன். அவர்கள் மனிதவள அமைச்சுக்கு எழுதினார்கள். ராமநாதபுரத்துக்காரரின் டிக்கெட் நின்றது.

தத்துவத்தின் டிக்கெட் நிற்கவில்லை. வேலை சரியில்லை என்று காரணம் எழுதி, பத்து நாளில் பெர்மிட்டை ரத்து செய்தார்கள். காலையில் நாங்கள் லாரி ஏறும்போது அவன் பெட்டியோடு விடுதி வாசலில் நின்றான். வண்டியில் இருந்த ஒருத்தன், "தத்துவம், ஒரு கையெழுத்து போட்டிருந்தா இன்னைக்கு லாரியில இருந்திருப்பியே. காமன்சென்ஸ் இல்லாம பண்ணிட்டியேடா" என்றான். அவன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "கேஸுக்குக் கூப்பிடுவாங்க அண்ணே. நீங்க போகணும்" என்று என்னிடம் மட்டும் சொன்னான். லாரி கிளம்பிவிட்டது.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்துக்காரரை அனுப்பவில்லை. கால் ஆறியது. அவர்மேல் விதி மீறல் என்று எதுவும் எழுதவில்லை. இப்போது ஜூரோங்கில் வேறு யார்டில் இருக்கிறார். கொஞ்சம் சாய்ந்து நடப்பார். என் பெர்மிட் முடிந்தபோது பழைய யார்டில் புதுப்பிக்கவில்லை. நானும் ஜூரோங்குக்கு வந்துவிட்டேன்.

அதற்கெல்லாம் முன்னால், அமைச்சு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. சம்பளம் இல்லாத விடுப்பு. ஒரு அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்கும் அம்மா. மேசையில் என் தாள் விரித்திருந்தது.

"பாதுகாப்புக் காலணி போடணும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று அம்மா கேட்டார்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் கழற்றினீங்க?"

"எல்லாரும் கழட்டினோம்."

"எல்லாரும்னா யார் யார்?"

முதலில் என் பெயரைச் சொன்னேன். பிறகு சூப்பர்வைசர் பெயர். பிறகு மற்ற ஐந்து பேர். அதிகாரி எழுதிக்கொண்டார். தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"இதுல கையெழுத்துப் போட்டு, அது மேல கோடு போட்டிருக்கீங்க. எது உண்மைன்னு கேக்குறார்."

"கோடு."

"அப்போ முதல்ல ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"பயம்."

அந்த அம்மா உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். இது என் வாக்குமூலத்தில் இருக்கும், பிறகு மாற்ற முடியாது, வேறு மாதிரி சொல்லவேண்டுமென்றால் இப்போதே சொல்லலாம் என்றார்.

"வேற இல்லம்மா. அப்படியே எழுதச் சொல்லுங்க" என்றேன்.